விழிஞ்ஞத்தில் வயர்லெஸ் வேலை: அலைவரிசை, ஆன்டெனா, கையெழுத்து

பெட்டியின் மேல் 902–928 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்ட தொழிற்சாலை ரேடியோ கைக்கு வந்தால், அதை அப்படியே மூடி ஸ்டோருக்குத் திருப்பி அனுப்புங்கள். அமெரிக்காவில் அதை யாரும் உரிமம் இல்லாமல் ஓட்டலாம். இந்தியாவில் முடியாது. இங்கே 890 முதல் 915 வரை கைபேசிகள் டவரோடு பேசும் பாதை. டவரின் ரிசீவர் தொலைவிலிருந்து வரும் மிக மெல்லிய சிக்னலைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் இடம் அது. அதன் பக்கத்தில் ஒரு வாட் ரேடியோ நாள் முழுக்கக் கத்தினால் சுற்றியிருக்கும் வீடுகளில் போன் அறுந்து அறுந்து போகும். துறைமுகத்துக்கு வெளியே கோட்டப்புறத்தில் யாரோ ஒருவர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கலாம். அந்த அழைப்பு கிடைக்காமல் போனது ஏன் என்று அவருக்கு ஒருநாளும் தெரியாது. மாட்டிய நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தில் 2024 ஜூலை 11 அன்று ‘சான் ஃபெர்னாண்டோ’ என்ற சரக்குக் கப்பல் வந்து நின்றது. அந்த ஆண்டு டிசம்பரில் வணிகப் பணி தொடங்கியது; 2025 மே 2 அன்று பிரதமர் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். கப்பலிலிருந்து கன்டெய்னரை இறக்கும் கிரேன்களும் யார்டில் அடுக்கும் கிரேன்களும் இங்கே பெருமளவு தானியங்கி. சுற்றுவட்டாரப் பெண்கள் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து யார்டு கிரேன்களை இயக்குகிறார்கள். ஆள் ஏறி உட்காராத இயந்திரம் என்றால் அதற்கும் அறைக்கும் நடுவில் செய்தி ஓடியாக வேண்டும். பெரிய கிரேன்களுக்கு அந்தச் செய்தியை ஃபைபர் கொண்டுபோகும். எந்தத் துறைமுகத்திலும் ஃபைபர் போக முடியாத மூலைகள் நிறைய இருக்கும்: அலைதடுப்புச் சுவரின் நுனியில் ஒரு காற்றுமானி, தொலைவில் ஒரு பம்ப் ஹவுஸ், பராமரிப்புப் பிரிவின் சிறு ஹாயிஸ்டுக்கு ஒரு கை ரிமோட். அங்கெல்லாம் ஹாப்பிங் ரேடியோதான் கைகொடுக்கும். அதை மாட்டவும் சோதிக்கவும் ஆள் வேண்டும். களியக்காவிளை தாண்டி வரும் குமரி மாவட்டத்து ஐடிஐ, டிப்ளமோ பிள்ளைகளுக்கு இது நல்ல வேலை. ஆனால் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் பலர் இருக்கிறார்கள். ‘இந்த நிறுவல் சட்டப்படி சரி, பாதுகாப்பு சரி’ என்று கையெழுத்துப் போடும் தைரியமுள்ளவர் குறைவு. சம்பளம் அந்தக் கையெழுத்தில்தான் உயரும்.

தளத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று: “அண்ணே, இது ஹாப்பிங்தானே, ஒரு இடத்துல நிக்காது. யாருக்கு என்ன இடைஞ்சல்?”

ஹாப்பிங் என்றால், அனுப்புவதும் வாங்குவதும் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு வரிசைப்படி சேனல் மாறிக்கொண்டே இருப்பது. நம் சட்டைப்பையில் இருக்கும் புளூடூத்தும் அதைத்தான் செய்கிறது: 79 சேனல்கள், நொடிக்கு 1600 தாவல். ஒரு சேனலில் குறுக்கீடு இருந்தால் அந்தத் துண்டு மட்டும் கெடும், அடுத்த தாவலில் செய்தி போய்விடும். இரும்புக் கிரேன்களுக்கும் கன்டெய்னர் அடுக்குகளுக்கும் நடுவே அலை மோதித் திரும்பி, சில அலைவரிசைகளில் சிக்னல் செத்துப்போகும் இடங்கள் உருவாகும். அங்கே இந்தத் தாவல் பெரிய வரம். ஆனால் அது நமக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, பக்கத்தில் இருப்பவருக்குக் கிடைப்பது வேறு. தாவும் ரேடியோ தான் தாவும் பேண்ட் முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாக அழுக்காக்குகிறது. பேண்ட் நமக்கு உரியதாக இல்லாவிட்டால், எல்லாச் சேனலிலும் நாம் அத்துமீறுகிறோம்.

அப்படியானால் எங்கே தாவலாம்? இந்தியாவில் தொழிற்சாலை வேலைக்கு உரிமம் தேவைப்படாத முக்கியமான இடங்கள் இரண்டு. ஒன்று 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ். 2005 ஜனவரியில் வந்த விதிப்படி டிரான்ஸ்மிட்டர் சக்தி அதிகபட்சம் 1 வாட், ஆன்டெனாவையும் சேர்த்து வெளியே போகும் ஈஐஆர்பி 4 வாட். இன்னொன்று 865-இல் தொடங்கும் பேண்ட். முதலில் 867 வரை இருந்தது, 2021 டிசம்பர் விதிகளில் 868 வரை நீண்டது. அங்கேயும் 1 வாட், 4 வாட் ஈஆர்பி, ஒரு சேனலின் அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். பேண்டின் மொத்த அகலத்தைக் கவனியுங்கள். அமெரிக்க மாடல் 26 மெகாஹெர்ட்ஸ் மைதானத்தில் ஐம்பது சேனலுக்குத் தாவப் பழகியது. இங்கே 3 மெகாஹெர்ட்ஸ்தான், 15 சேனல் பிடிக்கும். ஆகவே சாஃப்ட்வேரில் நாட்டை மட்டும் மாற்றிவிட்டு அமெரிக்க ரேடியோவை ஓட்டலாம் என்பது நடக்காது. இந்தியாவுக்கென்றே வந்த மாடலைத்தான் வாங்க வேண்டும். சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்கும் ஒரு வார்த்தை: அங்கே பழகிய 920–925 இங்கே நமக்குத் திறந்துவிட்ட பேண்ட் இல்லை.

கை ரிமோட்டுகளுக்குத் தனிக் கணக்கு. 335 மெகாஹெர்ட்ஸ் அருகே கிரேன் ரிமோட்டுக்கென்றே சில அலைவரிசைகளை உரிம விலக்கில் விட்டிருக்கிறார்கள். சக்தி 1 மில்லிவாட்தான். 433–434-இல் 10 மில்லிவாட், அதுவும் கட்டடத்துக்குள். இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கும் ரிமோட்டுகள் பெரும்பாலும் 433-இல் வரும். அதை வாங்கித் திறந்த யார்டில் ஹாயிஸ்ட் தூக்கினால் இரண்டு தவறு ஒன்றாக நடக்கிறது. ஒன்று சட்டத் தவறு. மற்றது, எல்லோரும் வாங்கும் அலைவரிசையில் ஆள் தலைக்கு மேல் பாரம் தொங்குகிறது. இணைய விற்பனையை அரசும் கவனிக்கத் தொடங்கிவிட்டது: 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், அலைவரிசையும் உரிம விவரமும் சொல்லாமல் வாக்கி-டாக்கி விற்ற தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பி, ரேடியோ கருவி விற்பனைக்கே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

865-இல் போகத் தீர்மானித்தால் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். லாரிகளின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டாக் இதே 865–867-இல்தான் பேசுகிறது, லோரா சென்சார்களும் இங்கேதான். எனவே லாரி வரிசை நிற்கும் கேட் பக்கத்தில் பேண்ட் சந்தடியாக இருக்கலாம். மேலே 869-இலிருந்து கைபேசி டவர்கள் உரக்கப் பேசுகின்றன. டவர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தால் நம் ரிசீவர் காதடைத்துப் போகும்; சக்தியை ஏற்றினால் அது சரியாகாது, ஃபில்டர் போட்டால்தான் சரியாகும். மாட்டும் முன் ஸ்பெக்ட்ரம் அனலைசரோடு ஒரு முழு ஷிஃப்ட் அங்கே உட்கார்ந்து பாருங்கள். கப்பல் நிற்காத நேரத்தில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு ‘கிளியர்’ என்று எழுதுவது வேலை ஆகாது.

அடுத்து, காகிதம். உரிமம் தேவையில்லை என்றால் அனுமதியே தேவையில்லை என்று பொருளில்லை. தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவான டபிள்யூபிசி தரும் ஈடிஏ, அதாவது கருவி வகை ஒப்புதல், அந்த மாடலுக்கு இருக்க வேண்டும். சரள் சஞ்சார் இணையதளத்தில் அது பதிவாகும். கருவியின் முதுகில் இருக்கும் பெயர்ப்பட்டையைப் படியுங்கள், சான்றிதழைப் பக்கத்தில் வையுங்கள், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். மாடல் எண்ணின் கடைசியில் ஒரு ‘என்’ அல்லது ‘இயூ’ மட்டும் மாறியிருக்கும். அது வேறு பேண்ட் கருவியாக இருக்கும். பெயர்ப்பட்டையையும் சான்றிதழையும் ஒரே படத்தில் வருமாறு போட்டோ எடுத்து வேலைக் கோப்பில் வைத்துவிடுங்கள். ‘சப்ளையர் பார்த்திருப்பார்’ என்று விடுவது பழக்கமாகிவிட்டது. சப்ளையர் கோப்பில் நம் பெயர் இருக்காது, நம் கோப்பில்தான் இருக்கும்.

இனி இந்தத் தொழிலின் நடுப்புள்ளி. ரேடியோ சட்டத்துக்குள் இருந்து, மாட்டியவர் சட்டத்தை மீறுவது பெரும்பாலும் ஆன்டெனாவில்தான். ஆன்டெனா சக்தியை உண்டாக்குவதில்லை. தண்ணீர்க் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் பீச்சு தூரம் போவதுபோல் இருப்பதை ஒரு பக்கமாகக் குவிக்கிறது. அந்தக் குவிப்பையும் சேர்த்துத்தான் 4 வாட் எல்லை.

கணக்கு எளிது. 1 வாட் என்பது 30 டிபிஎம், 4 வாட் என்பது 36 டிபிஎம். 2.4 கிகாவில் 30 டிபிஎம் ரேடியோ, 12 டிபிஐ யாகி ஆன்டெனா, நடுவே 10 மீட்டர் எல்எம்ஆர்-400 கேபிள் என்று வையுங்கள். கேபிளில் ஏறத்தாழ 2.2 டிபி வீணாகும். 30-ஐயும் 12-ஐயும் கூட்டி 2.2-ஐக் கழித்தால் 39.8. இது கிட்டத்தட்ட ஒன்பதரை வாட், எல்லையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ரேடியோவின் அமைப்புக்குள் போய் சக்தியை 26 டிபிஎம்முக்கு, அதாவது 400 மில்லிவாட்டுக்குக் குறையுங்கள். இப்போது 35.8. அந்த எண்ணைப் பெட்டிக் கதவின் உள்பக்கம் லேபிளாக ஒட்டுங்கள். ஏனென்றால் ஆறு மாதம் கழித்து வேறொருவர் வந்து பெட்டியை மேலே ஏற்றி, கேபிளை இரண்டு மீட்டராகச் சுருக்குவார். நல்ல எண்ணத்தில்தான் செய்வார். கேபிள் இழப்பு போய்விட்டதால் ஈஐஆர்பி மறுபடியும் 37-ஐத் தாண்டிவிடும். லேபிள் இருந்தால் நின்று யோசிப்பார். 865-இல் எல்லை ஈஆர்பி என்பதால், டைபோலை அளவுகோலாக வைத்த கணக்கு அது, டிபிஐ-யிலிருந்து 2.15 கழித்துப் போடுங்கள்.

சக்தியைக் குறைத்தால் தூரம் குறையாதா என்று கேட்பார்கள். நல்ல ஆன்டெனாவின் லாபம் வாங்கும் பக்கத்திலும் கிடைக்கிறது, அதற்குச் சட்டத்தில் எல்லை இல்லை. தூரம் போதவில்லை என்றால் முதலில் கனெக்டரைச் சந்தேகியுங்கள், அடுத்து கேபிளை, அதற்கு அடுத்து ஆன்டெனா இருக்கும் இடத்தை. சக்தி கடைசி.

உயரத்துக்கும் விதி இருக்கிறது. 2.4 கிகா உரிம விலக்கில், அங்கீகாரம் பெற்ற கட்டடத்தின் கூரைக்கு மேல் 5 மீட்டருக்குள் ஆன்டெனா இருக்க வேண்டும். தனியாக உயரமான மாஸ்ட் எழுப்பப் போகிறார்கள் என்றால் சாக்ஃபா எனப்படும் தொலைத்தொடர்புத் துறையின் இட அனுமதி பற்றி கான்கிரீட் போடும் முன்பே கேளுங்கள்.

கதிர்வீச்சு பற்றிப் பயப்படுபவர்களும் உண்டு, கொஞ்சமும் கவலைப்படாதவர்களும் உண்டு. எண்ணைப் பார்த்தால் இரண்டு பேரும் நிதானத்துக்கு வருவார்கள். 4 வாட் ஈஐஆர்பி ஆன்டெனாவின் முன்னால் 20 செ.மீ. தூரத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 8 வாட். 2 கிகாவுக்கு மேல் பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு 10 வாட். கையேடுகளில் 20 செ.மீ., 23 செ.மீ. என்று போட்டிருப்பது இப்படி வந்த எண்தான். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 0.32 வாட்டாகிவிடும்; இந்தியா 2012 செப்டம்பரிலிருந்து கைபேசி டவர்களுக்கு வைத்திருக்கும் கடுமையான 1 வாட் வரம்புக்கும் இது கீழே. ஆகவே ஆட்கள் நடக்கும் பாதை, கைப்பிடி, ஏணி மேல்தட்டு ஆகியவற்றிலிருந்து ஆன்டெனாவை ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். ஆன்டெனாவைத் தொட்டு வேலை செய்யும்போது ரேடியோவை அணைத்துப் பூட்டுப் போடுங்கள், சாவி உங்கள் பையில் இருக்கட்டும்.

மேலே ஏறும் வேலைக்கு ஹார்னஸ், இரட்டை லேன்யார்டு, பெர்மிட், கீழே ஒரு ஆள். இவற்றைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் இடி விஷயத்தில் அசட்டை செய்கிறார்கள். துலாவர்ஷம், அதாவது நம் ஐப்பசி மழை, கேரளத்தில் மத்தியானத்துக்கு மேல் இடியோடு வரும். மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அக்டோபரிலிருந்து மே வரை பிற்பகல் 2 மணிமுதல் இரவு 10 மணிவரை எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது. மாஸ்ட் வேலையைக் காலையிலேயே முடியுங்கள். தொலைவில் இடி கேட்டாலே இறங்கிவிடுங்கள். இன்ஜினியர் ‘இன்னும் ஒரே போல்ட்’ என்று சொன்னாலும் சரி.

கருவியையும் மின்னலிலிருந்து காக்க வேண்டும். கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்திலேயே அரெஸ்டர், அதிலிருந்து எர்த் பட்டைக்குக் குட்டையாக, வளைவில்லாமல் கம்பி. ரேடியோவுக்கென்று தனி எர்த் குழி தோண்டி அதைக் கட்டட எர்த்தோடு சேர்க்காமல் விடுவது இந்தப் பக்கம் நான் நிறையப் பார்த்த பிழை. பக்கத்தில் மின்னல் விழுந்தால் இரண்டு எர்த்துக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும். அது சமமாகும் வழி நம் ரேடியோவின் போர்டு வழியாகத்தான். எல்லா எர்த்தையும் ஒன்றாகப் பிணையுங்கள்.

கடல் உப்பு மெதுவாகக் கொல்லும். இதைச் செய்யும் முறையை அப்படியே சொல்கிறேன். கனெக்டரை முறுக்கிய பின் கையைத் துடைத்து, கேபிள் உறையையும் உலரத் துடைத்து, முதலில் ஒரு சுற்று பிவிசி டேப். அதன் மேல், இழுத்தால் தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைப் பாதி அகலத்துக்கு மெலியும்வரை இழுத்து, பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்றுங்கள். அதன் மேல் மறுபடி பிவிசி, இந்தக் கடைசிச் சுற்று கீழிருந்து மேலே போக வேண்டும். மேலிருந்து கீழே சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் மழைநீருக்கு வாய் திறந்து நிற்கும். நுனியை இழுத்து அறுக்காமல் கத்தியால் வெட்டுங்கள், இழுத்து அறுத்த நுனி வெயிலில் சுருண்டு பிரியும். பெட்டிக்குள் நுழையும் முன் கேபிள் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், நீர் அங்கே சொட்டிவிடும். இதையெல்லாம் செய்யாத கனெக்டரை ஒரு மழைக்காலம் கழித்துத் திறந்தால் உள்ளே பச்சைப் பொடிதான் இருக்கும். அப்புறம் லிங்க் வெயிலில் வேலை செய்யும், மழையில் செத்துப்போகும். எல்லோரும் ரேடியோவைத் திட்டுவார்கள்.

ரேடியோ வெறும் அளவீடு அனுப்பினால், லிங்க் அறுந்தால் ஒரு எண் வராது, அவ்வளவுதான். அது இயந்திரத்தை அசைத்தால் கதையே வேறு. அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘லிங்க் போனால் இயந்திரம் என்ன செய்யும்?’ பதில் ‘தானாக நிற்கும்’ என்று மட்டுமே இருக்கலாம். இயந்திரங்களின் கம்பியில்லாக் கட்டுப்பாட்டுக்கென்றே 2017-இல் ஐஇசி 62745 என்ற தரநிலை வந்தது. அதைப் படித்து வைத்திருப்பவருக்கு நேர்முகத் தேர்வில் தனி மரியாதை. ஒப்படைக்கும் முன் செய்யும் சோதனையைக் காகிதத்தில் டிக் போட்டு முடிக்காதீர்கள். பாரம் இல்லாமல் ஹாயிஸ்டை மெதுவாக ஓட்டியபடி ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றுங்கள். எத்தனை நேரத்தில் நிற்கிறது என்று ஸ்டாப் வாட்சில் எழுதுங்கள். பேட்டரியைத் திரும்பப் போட்டதும் இயந்திரம் தானாக நகர்ந்தால் அந்த ரிமோட்டை ஏற்கக் கூடாது. நிறுத்தும் பட்டனை அழுத்தி, தூரத்தில் போய், கன்டெய்னர் அடுக்குக்குப் பின்னால் நின்று, எல்லாவற்றையும் மறுபடி செய்யுங்கள். சூப்பர்வைசர் அவசரப்படுத்துவார். ‘சார், ஆள் நிக்கிற இடம்’ என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுச் சோதனையை முடியுங்கள்.

ஹாப்பிங் என்றால் ரகசியம் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். 2019 ஜனவரியில் டிரெண்ட் மைக்ரோ நிறுவன ஆய்வாளர்கள் ஏழு உற்பத்தியாளர்களின் தொழிற்சாலை ரிமோட்டுகளைச் சோதித்து, சிக்னலைப் பதிவுசெய்து திரும்ப ஒலிபரப்பியே கிரேனை நகர்த்த முடியும் என்று காட்டினார்கள். குறியாக்கம் இருக்கிறதா, ஒவ்வொரு கட்டளைக்கும் மாறும் குறியீடு உண்டா என்று வாங்கும் முன் கேளுங்கள். நெட்வொர்க் ரேடியோவானால் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். ஹாப்பிங் வரிசைக்கான எண்ணையும் அப்படியே விடாதீர்கள்.

எரியும் ஆவி இருக்கும் இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: எரிபொருள் பம்ப், பெயின்ட் ஸ்டோர், அபாயச் சரக்கு வைக்கும் மூலை. 2025 மே 25 அன்று, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போகும் வழியில் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3-இல் 640 கன்டெய்னர்கள் இருந்தன. அவற்றில் 13-இல் அபாயச் சரக்கும் 12-இல் கால்சியம் கார்பைடும் இருந்ததாகக் கடலோரக் காவல்படை அறிவித்தது. கார்பைடில் நீர் பட்டால் அசிட்டிலீன் கிளம்பும், ஒரு பொறி போதும். அப்படிப்பட்ட இடத்தில் சாதாரண ரேடியோவின் கனெக்டரை மின்சாரம் ஓடும்போது கழற்றக் கூடாது. அந்த மண்டலத்துக்குச் சான்று பெற்ற கருவியைத்தான் மாட்ட வேண்டும். பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் ஒப்புதலைக் கேளுங்கள். அது வரும்வரை ஆன்டெனாவை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

இதையெல்லாம் எங்கே கற்பது? விழிஞ்ஞத்திலேயே ஆசாப் கேரளாவின் சமூகத் திறன் பூங்கா இருக்கிறது, துறைமுக வேலைகளுக்கான பயிற்சிகளை அங்கே விசாரிக்கலாம். நான் இளையவர்களுக்கு முதலில் சொல்வது அமெச்சூர் வானொலித் தேர்வு. தொலைத்தொடர்புத் துறை நடத்தும் இந்தத் தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு அளவு இயற்பியலோடு தொடங்கலாம். ஆன்டெனா, அதிலிருந்து சக்தி திரும்பி வருவதைக் காட்டும் எஸ்டபிள்யூஆர், சக்திக் கணக்கு, விதிகள் எல்லாம் பாடத்திலேயே வரும். கல்லூரியில் மனப்பாடம் செய்த சமன்பாட்டை மொட்டை மாடியில் சொந்த ஆன்டெனாவில் பார்த்தவருக்கும் பார்க்காதவருக்கும் உள்ள தூரத்தை, வேலைக்கு எடுப்பவர் இரண்டே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார். சட்டம் மாறிக்கொண்டிருப்பதையும் கவனியுங்கள்: 1885, 1933 சட்டங்களின் இடத்துக்கு 2023 தொலைத்தொடர்புச் சட்டம் வந்து, 2024 ஜூனிலிருந்து பகுதி பகுதியாக அமலாகிறது. புதிய விதி வரும்போது மூலத்தையே எடுத்துப் படியுங்கள்.

வேலை முடிந்து ஒப்படைக்கும் கோப்பில் பெயர்ப்பட்டைப் போட்டோ, ஈடிஏ நகல், ஈஐஆர்பி கணக்கு, எஸ்டபிள்யூஆர் அளவு, எர்த் அளவு, நிறுத்தச் சோதனையின் நேரம், மாட்டிய இடத்தின் படம் ஆகியவை இருக்கட்டும். ஒரு நகலை நீங்களும் பத்திரப்படுத்துங்கள். ஒப்பந்தத்தில் இல்லாவிட்டாலும் முதல் துலாவர்ஷம் முடிந்ததும் ஒருமுறை திரும்பிப் போய், ஒரு கனெக்டரைத் திறந்து பார்த்து, எஸ்டபிள்யூஆரை மறுபடி அளந்து, அந்த எண்ணைத் தேதியோடு அதே கோப்பில் எழுதிவிட்டு வாருங்கள்.